எட்டுக் கருக்கள் என்னும் எண்: ஏ.எம்.டி. எஃப்.எக்ஸ். 8150 செயலியின் ஆற்றலும் குறைபாடும்

2011ஆம் ஆண்டு ஒக்ரோபர் 12ஆந் திகதி ஏ.எம்.டி. என்னும் அமெரிக்க நிறுவனம் எஃப்.எக்ஸ். 8150 எனப் பெயரிய செயலியொன்றைச் சந்தைக்கு விட்டது. மேசைக் கணினிக்கென வெளிவந்த முதலாவது எட்டுக் கருச் செயலி என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. விலை 245 டொலர். அதே சந்தையில் அதற்கு நேரெதிரே நின்றது இன்ரெல் நிறுவனத்தின் கோர் ஐ5 2500கே. அதன் கருக்கள் நான்கு. விலை 216 டொலர். எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடுவோர்க்குத் தெரிவு எளிது: ஏறத்தாழ முப்பது டொலர் கூடுதலாகக் கொடுத்தால் கருக்கள் இரு மடங்கு. ஆயினும் அவ்வாண்டில் வெளிவந்த ஒப்பீட்டுச் சோதனைகள் வேறொரு நிலைமையைக் காட்டின. அன்றாட வேலைகள் பலவற்றில் நான்கு கருக்கள் எட்டுக் கருக்களை முந்தின. வேறு சில வேலைகளில் எட்டு முந்தியது. அதுமட்டுமன்றி, 317 டொலர் விலைகொண்ட கோர் ஐ7 2600கே செயலியையும் நெருங்கியது. ஒரே பண்டம் ஒருவனுக்கு மலிவாகவும் இன்னொருவனுக்கு நட்டமாகவும் அமைந்தமை எவ்வாறு?

தமிழாய்வுக்குரிய ஏடொன்றில் இவ்வினாவுக்கு இடமுண்டோ எனச் சிலர் ஐயுறலாம். சொல்லடைவு தயாரித்தல், பழைய சஞ்சிகைகளை எண்மப்படுத்தல், பிரதிகளை ஒப்புநோக்கல் ஆகிய பணிகள் இன்று கணினியின்றி நடைபெறுவதில்லை என்பது ஒரு மறுமொழி. எனினும் முதன்மையான காரணம் வேறு. இச்செயலி பற்றி எழுந்த விவகாரம் ஈற்றில் ‘கரு’ என்னும் ஒரு சொல்லின் பொருள் யாது என்ற வழக்காக நீதிமன்றம் வரை சென்றது. சொற்பொருள் எவ்வாறு நிலைபெறுகிறது, அதனை நிருணயிக்கும் அதிகாரம் எவரிடம் உளது என்பன நமது துறைக்கு அந்நியமான வினாக்கள் அல்ல.

கருக்களைப் பெருக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். செயலியினுள்ளே கட்டளைகளைப் பெற்று நிறைவேற்றும் தனிப் பகுதியே கரு எனப்படுவது. நெடுங்காலம் ஒரு செயலிக்கு ஒரு கரு என்பதே வழக்கு. திரான்சிற்றர்களைச் சிறிதாக்கும்பொழுது அவற்றின் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் தாழ்த்தலாம், ஆகவே ஒரே பரப்பில் வெளிப்படும் வெப்பம் கூடாமலே வேகத்தை உயர்த்தலாம் என்ற நியதியை 1974இல் றொபேட் டெனார்ட்டும் அவருடைய சகாக்களும் எடுத்துரைத்தனர். ஏறத்தாழ முப்பதாண்டுகள் கணினித் தொழில் இந்நியதியின் நிழலில் வாழ்ந்தது. ஒவ்வொரு புதிய தலைமுறைச் செயலியும் பழைய மென்பொருளை, அதில் ஓர் எழுத்தும் மாற்றாமலே, விரைவாக ஓட்டியது. 2000ஆம் ஆண்டின் பின்னர் மின்னழுத்தம் மேலும் தாழ மறுத்தது; கசிவு மின்னோட்டம் பெருகியது; வெப்பம் கட்டுக்கடங்காது போயிற்று. 2004ஆம் ஆண்டு மே மாதத்தில் இன்ரெல் நிறுவனம் தான் வடிவமைத்துக்கொண்டிருந்த, மிகு வேகத்தை நாடிய, டெஜாஸ் என்னும் செயலியைக் கைவிட்டது. மறு ஆண்டில் இன்ரெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் மேசைக் கணினிக்கான இரட்டைக் கருச் செயலிகளை வெளியிட்டன. அறிவியல் முன்னேற்றத்தின் இயல்பான அடுத்த படி என்று இதனைக் கூறுவது வழக்கம். அவ்வாறு கூறுவது பாதி உண்மையே. ஒரு வழி அடைபட்டதனால் மறு வழி தேடப்பட்டது. தேடியதால் ஏற்பட்ட சுமை செயலி செய்வோர் தோளிலிருந்து மென்பொருள் எழுதுவோர் தோளுக்கு மாறியது. அதுவரை இலவசமாகக் கிடைத்த வேகத்தை இனிமேல் வேலையைக் கூறுபோட்டுப் பங்கிடும் உழைப்பினாலேயே பெற வேண்டியதாயிற்று.

இப்பின்னணியிலேதான் எஃப்.எக்ஸ். 8150 செயலியின் அமைப்பினை விளங்கிக்கொள்ளல் வேண்டும். ‘புல்டோசர்’ என்ற பெயரால் அறியப்பட்ட இவ்வமைப்பில் எட்டுக் கருக்களும் தனித்தனியே நிற்பன அல்ல. இரண்டிரண்டாகப் பிணைக்கப்பட்டு நான்கு ‘மொடியூல்’களாக அமைந்தவை. ஒரு மொடியூலினுள்ளே முழுவெண் கணிப்புக்குரிய பகுதிகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 16 கிலோபைற்று அளவிலான தரவுப் பதுக்கு நினைவகம் சொந்தமாக உண்டு. ஆனால் கட்டளைகளைக் கொணரும் பகுதி ஒன்றே. கொணர்ந்த கட்டளையை அவிழ்த்து இன்ன செயல் என்று பகுத்துணரும் பகுதியும் ஒன்றே. பின்னங்களைக் கையாளும் மிதவைப் புள்ளிக் கணிப்பகமும் ஒன்றே. 2 மெகாபைற்று அளவுள்ள இரண்டாம் படிப் பதுக்கு நினைவகமும் இருவருக்கும் பொது. இரு குடும்பங்கள் தனித்தனி அறைகளில் வாழ்ந்துகொண்டு, ஒரு வாசலையும் ஒரு குசினியையும் பகிர்ந்துகொள்ளும் வீட்டை இது ஒத்தது எனலாம். இரு குடும்பமும் ஒரே வேளையில் சமைக்கப் புகாதவரை வீடு போதுமானது.

பகிர்வின் நோக்கம் சிக்கனம். முழுமையான இரு கருக்களை அமைத்தால் கிடைக்கக்கூடிய வேலையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை, அதனிலும் மிகக் குறைந்த பரப்பில், ஒரு மொடியூல் தரும் என்பது வடிவமைத்தோரின் கணக்கு. சிலிக்கன் பரப்பே செயலியின் அடக்கச் செலவை நிருணயிப்பது ஆதலின் இது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கருத்தன்று. ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் கூட்டுழைப்பைப் பற்றிக் கூறுமிடத்து, பல தொழிலாளர் ஒரே கட்டடத்தையும் களஞ்சியத்தையும் பொதுவிற் பயன்படுத்தும்பொழுது உற்பத்திச் சாதனங்களின் பெறுமானத்தில் ஒவ்வொரு பண்டத்துக்கும் வந்து சேரும் பங்கு குறைகிறது என மார்க்ஸ் எடுத்துக்காட்டியிருப்பார். இருபது நெசவாளர் இருபது தறிகளோடு ஒரே கூடத்தில் வேலைசெய்தற்கு, இவ்விருவர் வீதம் வேலைசெய்யும் பத்துக் கூடங்களிலும் குறைந்த செலவே ஆகும். மொடியூலின் தருக்கமும் இதுவே. ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. திரான்சிற்றர் தொழிலாளியன்று, அது உழைப்பை விற்பதுமில்லை, மிகைப் பெறுமானம் படைப்பதுமில்லை. கருக்களிடையே வர்க்கப் போராட்டம் காணப் புறப்படும் இயந்திரப் பாங்கான பொருத்தம் நம்மவரிடையே அவ்வப்போது தலைகாட்டும் ஒரு பலவீனம். ஒப்புமை பகிர்வின் பொருளாதாரத்தோடு நின்றுவிடுகிறது.

நெசவுக் கூடத்துக்கும் மொடியூலுக்கும் இடையிலுள்ள வேறுபாடே பின்னதன் குறைபாட்டைக் காட்டித் தருகிறது. கூடத்தில் பொதுவானவை கூரையும் சுவரும். தறி அவரவர்க்குத் தனித்தனி. புல்டோசரிலோ தறியின் ஒரு பகுதியே பொதுவாக்கப்பட்டது. கட்டளையைப் பகுத்துணரும் பகுதி இரு கருக்களுக்கும் மாறி மாறிப் பணிசெய்ய வேண்டியிருந்தது. ஒரு கரு விரைந்து செல்ல முற்படுகையில் மற்றது காத்திருந்தது. நிறுவனமும் இதனை உணர்ந்தது போலும்: இதே குடும்பத்தில் 2014இல் வெளிவந்த ‘ஸ்டீம்ரோலர்’ வடிவமைப்பில் ஒவ்வொரு கருவுக்கும் தனித்தனிப் பகுப்பி வழங்கப்பட்டது.

இனி இச்செயலி வென்ற இடங்களைக் காண்போம். கோப்புகளைச் சுருக்குதல், மறையாக்கம், நிகழ்படங்களை ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்துக்கு மாற்றுதல் ஆகிய பணிகளில் அது சிறந்து விளங்கியது. இவற்றின் பொதுத் தன்மை யாது? வேலையைப் பல சம துண்டுகளாக்கலாம். ஒரு துண்டு மற்றொன்றின் விடைக்காகக் காத்திருப்பது குறைவு. பெரும்பாலும் முழுவெண் கணிப்பே தேவை. நமது துறைசார்ந்த உதாரணமொன்றைக் கூறலாம். நூறு நாவல்களின் எண்மப் பிரதிகள் கைவசம் உள்ளன என்றும், ஒவ்வொன்றிலும் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிட வேண்டும் என்றும் கொள்வோம். எட்டுக் கருக்களுக்கு எட்டு நாவல்களைக் கொடுத்துவிட்டால் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் அவை வேலைசெய்யும். எஃப்.எக்ஸ். 8150 போன்றதொரு செயலிக்கு இது ஏற்ற பணி. அந்நாவல்களையே அச்சுப் பக்கங்களின் படங்களாக வைத்துக்கொண்டு, எழுத்துக்களை இனங்காணும் மென்பொருளிடம் ஒப்படைத்தால் நிலைமை சற்று மாறுகிறது. பக்கங்களைப் பங்கிடுவது எளிதே. ஆயின் இன்றைய எழுத்துணரி மென்பொருள்கள் மிதவைப் புள்ளிக் கணிப்பைப் பெரிதும் வேண்டி நிற்பன. எட்டுக் கருக்களுக்கு உள்ள கணிப்பகங்கள் நான்கே. பங்கிடப்பட்ட வேலை மீண்டும் நான்கு வாசல்களில் வந்து குவிகின்றது.

தோற்ற இடங்கள் இவற்றினும் பல. சொற்செயலியில் ஒரு பக்கத்தைத் திருத்துதல், இணையப் பக்கமொன்றைத் திறத்தல், அக்காலத்து விளையாட்டு மென்பொருள்களை ஓட்டுதல் ஆகியவை ஓரிரு இழைகளிலேயே தங்கியிருந்தன. இங்கு தேவைப்பட்டது ஒரு கருவின் தனி வேகம். புல்டோசர்க் கரு ஒவ்வொன்றும் முழுவெண் கணிப்புக்கு இரு அலகுகளையே கொண்டிருந்தது, ஏ.எம்.டி.யின் முந்திய தலைமுறையில் இருந்தவை மூன்று. அக்குறையைக் கடிகார வேகத்தால் ஈடுசெய்யலாம் என எண்ணி, கட்டளை நிறைவேறும் பாதையை நீட்டி, வேகத்தை 3.6 கிகாஹேர்ட்ஸ் எனவும் தேவைப்படுமிடத்து 4.2 கிகாஹேர்ட்ஸ் வரையும் உயர்த்தினர். நீண்ட பாதையில் ஒரு முறை வழி தவறினால் திரும்பி வரும் நேரமும் நீளும். விளைவு வியப்புக்குரியது: ஒற்றை இழைச் சோதனைகள் சிலவற்றில், அதே நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஆறு கருக்கள் கொண்ட ஃபெனொம் 1100டி செயலியிடமே எஃப்.எக்ஸ். 8150 தோற்றது.

ஒற்றைக் கருவின் தளர்ச்சியை எண்ணிக்கை எவ்வளவு தூரம் ஈடுசெய்யும் என்பதைக் கணித்துப் பார்க்கலாம். 1967இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த கருத்து இதற்கு உதவும். எந்த வேலையிலும் பங்கிட முடியாத ஒரு பகுதி உண்டு. உதவியாளர் எத்தனை பேரைச் சேர்த்தாலும் அப்பகுதி குறையாது. வேகமான கருவொன்றில் 100 நிமிடம் எடுக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். அத்தகைய கருக்கள் நான்கு ஒரு புறம். மறு புறத்தில், அவற்றின் வேகத்தில் 65 சதவீதம் மட்டுமே உள்ள கருக்கள் எட்டு. 65 என்பது விளக்கத்துக்காகக் கொண்ட எண். மொடியூலில் நிகழும் நெருக்கடியையும் இக்கணக்கு விட்டுவிடுகிறது. வேலை முழுவதையும் பங்கிட முடியுமாயின் நான்கு கருக்களுக்கு 25 நிமிடமும் எட்டுக் கருக்களுக்கு ஏறத்தாழ 19 நிமிடமும் ஆகும். பங்கிட முடியாதது பத்தில் ஒரு பங்காயின் முன்னதற்கு 32.5 நிமிடம், பின்னதற்கு 32.7 நிமிடம். அதாவது, இரு மடங்கு கருக்களால் வந்த ஆதாயம் முற்றாக மறைந்துவிடுகிறது. பாதி வேலை பங்கிட முடியாததாயின் 62.5 நிமிடத்துக்கு எதிரே 86.5 நிமிடம். பத்தில் ஒரு பங்கு என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் 2011இல் மேசைக் கணினிகளில் ஓடிய மென்பொருள்களுட் பெரும்பாலானவை அந்த எல்லையைக் கூட எட்டியிருக்கவில்லை. வேலையைப் பங்கிட்டு எழுதப் பயிலாத ஒரு மென்பொருள் உலகத்துக்குள் எட்டுப் பேர் கொண்ட அணியொன்று அனுப்பப்பட்டது. உற்பத்திச் சாதனத்துக்கும் அதனைப் பயன்படுத்தும் முறைக்கும் இடையே ஏற்பட்ட இந்த இடைவெளியே, என்னுடைய எண்ணத்தில், இச்செயலியின் சரித்திரத்தை விளக்கும் திறவுகோல். பொறியியலாளரின் தவறுகள் இரண்டாம் பட்சமானவை.

மின்சாரச் செலவும் இதனோடு சேர்க்கப்பட வேண்டியது. எஃப்.எக்ஸ். 8150 செயலியின் வெப்ப வரம்பு 125 வாற்று. ஐ5 2500கே செயலியினது 95 வாற்று. முழுச் சுமையில் இயங்குகையில் முன்னது பின்னதிலும் வெகுவாகக் கூடுதலான மின்சாரத்தை உறிஞ்சியது. வாங்கும்பொழுது கொடுக்கும் விலை ஒரு முறை, மின்கட்டணம் மாதந்தோறும்.

பங்கிடுதல் என்றதும் பங்கிடுவோன் யார் என்ற வினாவும் எழும். இசைக்குழுவுக்கு நெறியாளன் தேவைப்படுவது போலக் கூட்டுழைப்புக்கும் நெறிப்படுத்தல் தேவை என்று மார்க்ஸ் அதே அதிகாரத்தில் கூறியுள்ளமை இங்கு நினைவுக்கு வரும். கணினியில் அந்நெறியாளன் பணிசெயல் முறைமையே. விண்டோஸ் 7 எட்டுக் கருக்களையும் ஒரே தரத்தனவாகக் கருதியது. நான்கு இழைகள் மட்டும் இருக்கும் வேளையில் அவற்றை நான்கு மொடியூல்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்பியிருக்கலாம். அவ்வாறன்றி இரண்டு மொடியூல்களுக்குள் நான்கினையும் நெருக்கிவிட்டு மற்றை இரண்டினையும் சும்மா விடுவதும் நிகழ்ந்தது. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் மைக்ரோசொப்ட் நிறுவனம் இதற்குத் திருத்தமொன்றை வெளியிட்டது. கிடைத்த பலன் சொற்பம். ஏனெனில் நெறியாளன் தேர்ந்தவனாயினும் எட்டு வாத்தியங்களுக்கு எழுதப்பட்ட இசை கைவசம் இருந்தாலன்றோ குழு வாசிக்கும்?

இனி நீதிமன்றத்துக்கு வருவோம். 2015இல் வடக்குக் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வாங்கியோர் சார்பாக வழக்கொன்று தொடுக்கப்பட்டது. பகுதிகளைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டினை இரு கருக்கள் என எண்ணுவது தவறு, ஆகவே எட்டுக் கரு என்ற விளம்பரம் மக்களை ஏமாற்றுவது என்பது வாதம். நான்கு ஆண்டுகள் கழித்து, 2019இல், ஏ.எம்.டி. 12.1 மில்லியன் டொலர் கொடுக்கச் சம்மதித்து இணக்கத்துக்கு வந்தது. குற்றத்தை அது ஏற்கவில்லை. கரு என்றால் என்ன என்ற வினாவுக்குத் தீர்ப்பு வழங்கப்படவுமில்லை.

வாங்கியோரின் கோபம் நியாயமானது. அவர்களுடைய வரைவிலக்கணம் அத்துணை உறுதியானதன்று. மிதவைப் புள்ளிக் கணிப்பகம் தனியே இல்லாவிடின் அது கருவாகாது என்பது வாதமாயின், 1985இல் வெளிவந்த இன்ரெல் 80386 செயலியும் செயலியாகாது. அக்கணிப்புக்கு வேறொரு துணைச் சில்லு அதனருகே பொருத்தப்பட வேண்டியிருந்தது. செயலியின் உள்ளேயே அப்பகுதி குடிபுகுந்தது 1989இல் வந்த 80486 செயலியில்தான். இன்னொரு சான்று மேலும் பொருத்தமானது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2005இல் வெளியிட்ட அல்ட்ராஸ்பார்க் டி1 என்ற செயலியில் எட்டுக் கருக்களுக்கு ஒரேயொரு மிதவைப் புள்ளிக் கணிப்பகமே இருந்தது. அதனை எட்டுக் கருச் செயலி என்று கூறியதை எவரும் வழக்காக்கவில்லை. இணையப் பக்கங்களை ஆயிரக்கணக்கானோருக்கு வழங்கும் சேவைக் கணினிகளுக்காக அது செய்யப்பட்டது. அவ்வேலைக்குப் பின்னக் கணிப்பு அருமையாகவே வேண்டப்பட்டது. வாங்கியோரும் வேலையின் தன்மையை அறிந்து வாங்கிய நிறுவனத்தினர். ஆகவே ‘கரு’ என்னும் சொல்லுக்கு இயற்கையாய் அமைந்த பொருள் ஒன்றில்லை. அது பயன்பாட்டினாலும் காலத்தினாலும் நிருணயிக்கப்படுவது. மேசைக் கணினிச் சந்தையில் அச்சொல் வேறு வாழ்க்கை வாழத் தொடங்கியிருந்தது. பயன் பெறுமானத்தைச் சோதித்தறிய வசதியற்ற தனியொருவன் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பி விலைகொடுக்கிறான். எண் பண்டத்தின் குணமாகவே அவனுக்குத் தோற்றுகிறது. முன்னர் கிகாஹேர்ட்ஸ் வகித்த இடத்தைக் கருக்களின் எண்ணிக்கை பிடித்துக்கொண்டது என்பதே உண்மை.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. செயலி வெளிவருமுன்னர், 2011 ஓகஸ்ட் இறுதியில், திரவ ஹீலியத்தினாற் குளிரூட்டி அதனை 8.429 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயக்கி உலக சாதனை நிலைநாட்டப்பட்டது. பரவலாக விளம்பரம் பெற்ற அச்சாதனையின்போது உயிருடன் இருந்தது ஒரேயொரு மொடியூல்; மற்றைய மூன்றும் அணைக்கப்பட்டிருந்தன.

இச்செயலியைப் படைத்த நிறுவனத்தின் நிலைமையும் அமைப்பில் தன் சுவடுகளைப் பதித்துள்ளது. ஏ.எம்.டி. 2009ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தன் தொழிற்சாலைகளைப் பிரித்து, அபுதாபி அரசுசார் முதலீட்டுடன் குளோபல் பவுண்டரீஸ் என்ற தனி நிறுவனமாக்கியது. எஃப்.எக்ஸ். 8150 ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள அந்நிறுவனத் தொழிற்சாலையில், 32 நனோமீற்றர் முறையில் வார்க்கப்பட்டது. பரப்பு 315 சதுர மில்லிமீற்றர். தன்னினும் பன்மடங்கு மூலதனம் கொண்ட போட்டியாளனோடு பொருதும் நிறுவனத்துக்குப் பகிர்வும் சிக்கனமும் வெறும் பொறியியல் விருப்பங்கள் அல்ல. செயலி வெளிவந்து ஒரு மாதம் நிறைவதற்குள், 2011 நவம்பர் தொடக்கத்தில், தன் ஊழியர்களில் ஏறத்தாழ பத்திலொரு பங்கினரை நீக்குவதாக நிறுவனம் அறிவித்தது.

பின்னாளில் எஃப்.எக்ஸ். செயலிகளின் மதிப்பு ஓரளவு மீண்டதாகக் கூறுவோருளர். 2013இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகிய விளையாட்டுக் கருவிகளில் ஏ.எம்.டி.யின் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த, வேகங் குறைந்த எட்டுக் கருக்கள் இடம்பெற்றன. விளையாட்டு மென்பொருள் எழுதுவோர் பங்கிட்டு எழுதப் பழக வேண்டியவராயினர். அதனால் எஃப்.எக்ஸ். உடையோரும் சிறிது பயன் பெற்றனர். எனினும் இதனை முன்னோக்கின் வெற்றி எனக் கொண்டாடுவது மிகை. ஐந்தாண்டு கழித்துப் பொருந்தி வரும் ஒரு கருவிக்கு 2011இலேயே பணம் கொடுத்தவனுக்கு அது ஆறுதலாகாது.

2017 மார்ச் மாதத்தில் வெளிவந்த ரைசன் செயலிகளில் ஏ.எம்.டி. மொடியூலைக் கைவிட்டது. ரைசன் 7 1800எக்ஸ் செயலியின் எட்டுக் கருக்களுக்கும் பகுப்பியும் மிதவைப் புள்ளிக் கணிப்பகமும் தனித்தனியே உள்ளன. ஒரு கருவினுள் இரு இழைகள் ஏறத்தாழ எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்டு ஓடுகின்றன. ஆனால் அவ்விரண்டையும் சேர்த்து ஒரு கரு என்றே நிறுவனம் இப்போது எண்ணுகிறது. இன்ரெல் நிறுவனமோ 2021 நவம்பரில் வெளியிட்ட கோர் ஐ9 12900கே செயலியில் வேகமான எட்டுக் கருக்களையும், அளவிலும் ஆற்றலிலும் சிறிய வேறு எட்டுக் கருக்களையும் ஒருங்கே வைத்தது. எந்த வேலை எந்தக் கருவுக்கு என்று முடிவுசெய்யப் பணிசெயல் முறைமைக்கு உதவும் தனிப் பகுதியொன்றையும் அதே சில்லில் அமைக்க வேண்டியதாயிற்று. விற்பனைக் குறிப்பில் அதன் கருக்கள் பதினாறு.